குருதியிற் பசியின் அளவு: லெப்டின் ஓமோனை அளந்த வரலாறு

நிலத்தைக் கோலாலும் நெல்லைக் கொத்தாலும் பொன்னை மஞ்சாடியாலும் அளந்த மனிதன், காலப்போக்கில் வெப்பத்தையும் காற்றின் அமுக்கத்தையும் மின்னோட்டத்தையும் அளக்கக் கற்றான். ஆயினும், பிறந்த நாள்முதல் இறக்கும் நாள்வரை தன்னை ஆட்டிவைக்கும் பசியை அளத்தற்கு நெடுங்காலம் அவனிடம் ஒரு கோலும் இருக்கவில்லை. பசித்தவன் தன் பசியை வாயாற் சொல்லலாம். அஃது எவ்வளவு என்று பிறர்க்கு எடுத்துக் காட்டுதல் இயலாது. ஆதலின் உணவைப்பற்றி உலகம் பெரும்பாலும் ஒழுக்கத்தின் மொழியிலேயே பேசிவந்தது. அளவோடு உண்பவன் அடக்கமுடையவன். மிகையாக உண்பவன் பெருந்தீனிக்காரன். இத்தீர்ப்பின்மேல் முறையீடு செய்வாரும் இலர்.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்நிலை ஓரளவு மாறிற்று. உடலிற் சேர்ந்துள்ள கொழுப்பின் நிலையை மூளைக்கு அறிவித்து, உண்ணும் விருப்பை அடக்குகின்ற ஓர் ஓமோன் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே மனிதக் குருதியில் அதன் அளவு எண்ணாகக் குறிக்கப்பட்டது. அவ்வெண் அறிஞர் பலரின் எதிர்பார்ப்பைப் பொய்யாக்கிற்று. சில குழந்தைகளின் வாழ்வை மீட்டது. ஈற்றில், எண்ணைத்தானும் எவ்வளவு நம்பலாம் என்ற வினாவையும் எழுப்பிற்று. அவ்வரலாற்றை ஒழுங்குபடக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓமோன் என்னும் கருத்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தோன்றியது. 1902ஆம் ஆண்டில் இலண்டனில் வில்லியம் பெயிலிஸ், ஏர்ணெஸ்ற் ஸ்ரார்லிங் என்னும் உடற்றொழிலியல் அறிஞர் இருவர், சிறுகுடலின் மேற்பகுதியிலிருந்து குருதியிற் கலக்கும் ஒரு பொருள் சதையியைத் தூண்டி அதன் சாற்றைச் சுரக்கச் செய்வதைச் சோதனையாற் காட்டினர். நரம்பின் துணையின்றியே உடலின் ஓர் உறுப்பு மற்றோர் உறுப்புக்கு ஆணை பிறப்பிக்கலாம் என்பது அதனாற் புலனாயிற்று. இத்தகைய பொருள்களுக்கு 1905ஆம் ஆண்டில் ஸ்ரார்லிங் ‘ஓமோன்’ என்னும் பெயரை வழங்கினார். தூண்டுதல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அப்பெயர்.

ஓமோன்கள் உள என்பது தெளிவாயிற்றெனினும், அவற்றை அளத்தல் அரிதாயிருந்தது. குருதியில் அவை மிக மிக நுண்ணிய அளவிலேயே உள்ளன. ஆதலின் தொடக்கத்தில் ஓமோனை நேரே அளவாது, அதன் செயலை அளந்தனர். 1921ஆம் ஆண்டில் கனடாவின் ரொறன்ரோ நகரில் இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்டபின், ஒரு குப்பியில் எவ்வளவு இன்சுலின் உண்டு என்பதை அறிதற்கு முயல்களே துணைபுரிந்தன. பட்டினி கிடந்த முயலொன்றின் குருதிச் சர்க்கரையைக் குறித்த எல்லைக்குத் தாழ்த்தவல்ல அளவே ஓர் அலகெனக் கொள்ளப்பட்டது. இதனைச் செயலால் அளத்தல் எனலாம். பொருளின் வடிவம் அறியப்படாவிடினும், அது தன் கடமையைச் செய்கின்றதா என்பது இம்முறையில் ஐயமின்றித் தெரியவரும். ஆயின், மனிதன் ஒருவனிடமிருந்து பெற்ற சிறிதளவு குருதியில் உள்ள ஓமோனை அளக்கும் நுண்மை இம்முறைக்கு இல்லை. இக்குறையையும் அந்த நிறையையும் வாசகர் நினைவில் வைத்தல் வேண்டும். வரலாற்றின் முடிவில் இரண்டும் மீண்டும் நம் முன் வரும்.

இனிப் பசிக்கு வருவாம். வளர்ந்த மனிதன் ஒருவன் ஓராண்டில் உண்ணும் உணவின் நிறை அவனுடைய உடல் நிறையைப் பன்மடங்கு விஞ்சும். அங்ஙனமிருந்தும் பெரும்பாலோரின் நிறை ஆண்டுக்காண்டு சிறிதே மாறுகின்றது. வரவையும் செலவையும் ஒப்புநோக்கும் கணக்கன் ஒருவன் உடலினுள் இருத்தல் வேண்டும் என்று அறிஞர் கருதினர். 1940ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த ஹெதரிங்ரன், றான்சன் என்போர், எலிகளின் மூளையடியிலுள்ள பரிவகக்கீழ் என்னும் பகுதியிற் சிறு காயத்தை ஏற்படுத்தியபோது அவை அளவிறந்து பருத்தலைக் கண்டனர். கணக்கன் அமரும் இடம் இதனால் ஒருவாறு தெரிந்தது. ஆனால், உடலெங்கும் பரந்துள்ள கொழுப்பின் இருப்பை மூளையிலுள்ள அக்கணக்கனுக்கு அறிவிப்பது யாது? 1953ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கெனடி என்பவர், கொழுப்பிலிருந்தே ஏதோ ஒரு செய்தி குருதி வழியாக மூளைக்குச் செல்லுதல் வேண்டும் என்ற கருதுகோளை வெளியிட்டார். 1959ஆம் ஆண்டில் ஹேர்வி என்பவர் அதற்குச் சான்று தரும் சோதனை ஒன்றைச் செய்தார்.

அச்சோதனையின் முறை பின்வருமாறு. இரண்டு விலங்குகளின் பக்கத்தோலை இணைத்துத் தைத்துவிட்டால், சில நாட்களில் நுண்ணிய குருதிக்கலன்கள் ஒன்றோடொன்று தொடர்புறும். ஒன்றின் குருதியிலுள்ள பொருள் சிறிது சிறிதாக மற்றதன் குருதியிற் சென்று சேரும். இவ்வாறிணைத்த இரண்டு எலிகளுள் ஒன்றின் பரிவகக்கீழைக் காயப்படுத்தினார் ஹேர்வி. காயமுற்ற எலி உண்டு உண்டு பருத்தது. அதனோடிணைந்த எலியோ உணவைக் குறைத்து மெலிந்தது. பருத்த எலியின் குருதியில் ‘போதும்’ என்னும் செய்தி பெருகியிருந்தது. அச்செய்தியைக் கேட்கும் செவி அதற்கில்லை. இணைந்திருந்த எலிக்கு அச்செவி இருந்தது. படிப்பார் மனத்தைக் கூசச்செய்யும் சோதனையே இது. ஆயினும், கண்ணாற் காணாத ஒரு பொருளின் இருப்பை இதனினும் தெளிவாகக் காட்டிய சோதனைகள் சிலவே.

இதனிடையில், அமெரிக்காவின் மெயின் மாநிலத்துப் பார் ஹாபர் என்னுமிடத்திலுள்ள ஜாக்சன் ஆய்வுகூடத்தில், பிறவியிலேயே தீராப்பசி கொண்டு, ஏனையவற்றினும் ஏறக்குறைய மும்மடங்கு நிறைக்குப் பருக்கும் சுண்டெலி வகையொன்று 1949ஆம் ஆண்டிற் காணப்பட்டு, 1950ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இதனைப் பருமச் சுண்டெலி என்போம். பருமனோடு கடும் நீரிழிவும் உடைய மற்றொரு வகை 1966ஆம் ஆண்டில் அவ்வாய்வுகூடத்திலிருந்தே அறிவிக்கப்பட்டது. இதனை நீரிழிவுச் சுண்டெலி என்போம். இரண்டும் தோற்றத்தில் ஒத்தவை. அவற்றின் குறை ஒன்றா, வேறா என்பதை அறியக் கனடாவிற் பிறந்த டக்ளஸ் கோல்மன் என்னும் அறிஞர் அவற்றை இணைத்து ஆராய்ந்தார். 1969ஆம் ஆண்டிலும் 1973ஆம் ஆண்டிலும் வெளிவந்த அவர்தம் முடிபுகள் வியப்புக்குரியவை. நீரிழிவுச் சுண்டெலியோடு இணைந்த இயல்பான சுண்டெலி உணவை வெறுத்துப் பட்டினியால் இறந்தது. நீரிழிவுச் சுண்டெலியோடு இணைந்த பருமச் சுண்டெலியும் அவ்வாறே இறந்தது. பருமச் சுண்டெலியை இயல்பான சுண்டெலியோடு இணைத்தபோதோ, அது குறைவாக உண்டு நிறை குறைந்தது. இவற்றிலிருந்து கோல்மன் துணிந்தது யாதெனின், பருமச் சுண்டெலிக்கு அந்த ஓமோன் இல்லை, அதனை உணரும் ஆற்றல் உண்டு. நீரிழிவுச் சுண்டெலிக்கு ஓமோன் மிகுதியாக உண்டு, அதனை உணரும் ஆற்றல் இல்லை என்பதே. ஓமோனைக் கண்ணாற் காணுமுன்னரே, உயிருள்ள விலங்கினையே தராசாகக் கொண்டு அதன் இன்மையையும் மிகுதியையும் அவர் நிறுத்துவிட்டார் எனலாம்.

அப்பொருளைத் தனித்தெடுக்க மேற்கொள்ளப்பட்ட முயற்சிகள் இருபதாண்டுக்கு மேல் பயனளிக்கவில்லை. அதற்குக் காரணம் ஒரு வட்டச் சிக்கல். நுண்ணிய பொருளைப் பிரித்தெடுக்க வேண்டின், எந்தக் கூறில் அஃது உள்ளது என்பதை ஒவ்வொரு படியிலும் அளந்தறிதல் வேண்டும். அளக்கும் முறையை அமைக்க வேண்டின், முதலில் அப்பொருள் தூயதாகக் கையில் இருத்தல் வேண்டும். இச்சிக்கல் அவிழ்ந்த விதத்தைக் கூறுமுன், ஓமோன்களை அளக்கும் புதுமுறையொன்று தோன்றிய வரலாற்றைக் கூறுதல் அவசியமாகின்றது.

நியூயோர்க் நகரின் புரொங்ஸ் பகுதியில், முன்னாட் போர்வீரர்க்கென அமைந்த மருத்துவமனையில் ரோசலின் யலோ என்னும் பௌதிகவியலறிஞரும் சொலமன் பேர்சன் என்னும் மருத்துவரும் கூடிப் பணியாற்றினர். இன்சுலினைக் கதிர்த்தொழிற்பாடுடைய அயடீனாற் குறியிட்டு மனிதருட் செலுத்தியபோது, முன்னர் இன்சுலின் ஊசி பெற்றுவந்தவர்களின் குருதியில் அது நெடுநேரம் தங்குதலை அவர்கள் கண்டனர். அவர்களின் உடல் இன்சுலினுக்கெதிராகப் பிறபொருளெதிரிகளை ஆக்கியிருந்தமையும், அப்பிறபொருளெதிரிகள் இன்சுலினைப் பற்றிக்கொண்டமையுமே அதற்குக் காரணம் என அவர்கள் முடிவுசெய்தனர். இன்சுலின் போன்ற சிறிய மூலக்கூறு பிறபொருளெதிரியைத் தோற்றுவிக்காது என்பது அக்காலத்தார் கொள்கை. ஆதலின் அவர்களின் கட்டுரை முதலில் மறுக்கப்பட்டது. தலைப்பிலிருந்து பிறபொருளெதிரி என்னும் சொல் நீக்கப்பட்ட பின்னரே 1956ஆம் ஆண்டில் அது வெளியாயிற்று. மறுத்தெழுதப்பட்ட கடிதத்தைப் பாதுகாத்து வைத்திருந்த யலோ, 1977ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றபோது ஆற்றிய பேருரையில் அதனை உலகறியக் காட்டினார். பேர்சன் 1972ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்டமையால் அப்பரிசிற் பங்குகொள்ள இயலாது போயிற்று.

அவ்விருவரும் அக்கண்டுபிடிப்பையே ஓர் அளவுகோலாக மாற்றினர். 1959, 1960ஆம் ஆண்டுகளில் அம்முறை வெளியிடப்பட்டது. அதன் தத்துவத்தை ஓர் உவமையால் விளக்கலாம். மண்டபமொன்றிற் பந்தி வைக்கப்பட்டுள்ளது. நூறு இலைகளே உள. சிவப்புத் துண்டணிந்த நூற்றுவர் மட்டும் வருவாராயின் அனைவரும் அமர்வர். துண்டணியாத வேறொரு கூட்டமும் அவர்களோடு கலந்து நுழையுமாயின், இடத்திற்குப் போட்டி உண்டாகும். பந்தியில் சிவப்புத் துண்டினர் ஐம்பதின்மரே காணப்படின், துண்டணியாதாரும் ஏறக்குறைய நூற்றுவர் வந்துளர் எனக் கணிக்கலாம். துண்டணியாதாரை ஒருவர் ஒருவராக எண்ண வேண்டியதில்லை. இங்கு இலைகள் பிறபொருளெதிரிகள். சிவப்புத் துண்டினர் கதிர்த்தொழிற்பாட்டாற் குறியிட்ட ஓமோன். துண்டணியாதார் சோதனைக்குரிய குருதியிலுள்ள ஓமோன். குறியிட்டவற்றுள் எத்துணை பற்றப்பட்டன என்பதைக் கதிர் எண்ணும் கருவி காட்டும். அளவு தெரிந்த மாதிரிகளோடு ஒப்பிட்டு, அளவு தெரியாத மாதிரியின் விடையைப் பெறலாம். இதனை வடிவால் அளத்தல் எனலாம். பிறபொருளெதிரி ஓமோனின் வடிவத்தைக் கண்டே பற்றுகின்றது. ஓமோன் உடலிற் செய்யும் வேலையை அஃது அறியாது.

இம்முறையினால் எண்ணற்ற ஓமோன்கள் அளக்கப்பட்டன. பருமச் சுண்டெலியின் குறையும் இம்முறையாற் பிடிபட்டுவிட்டதென ஒருகால் எண்ணப்பட்டது. குடலிலும் மூளையிலும் உள்ள கொலெசிஸ்ரோகைனின் என்னும் ஓமோன் அச்சுண்டெலியின் மூளையிற் குறைவாக உள்ளதென ஸ்ரௌஸ் என்பவரும் யலோவும் 1979ஆம் ஆண்டில் அறிவித்தனர். அதே ஆண்டில் வேறோர் ஆய்வுக் குழுவினர் அவ்வேறுபாட்டைத் தாம் காணவில்லை என்றனர். அவ்வோமோனுக்குரிய பரம்பரையலகும் பருமச் சுண்டெலியின் குறையும் வெவ்வேறு நிறமூர்த்தங்களில் உள்ளன என்பது பின்னர் உறுதியாயிற்று. நுண்ணிய தராசை ஆக்கிய கைகளே தராசில் வேறொரு பொருளை வைத்து நிறுத்தன. தராசு எவ்வளவு நேர்மையுடையதாயினும், எதனை நிறுப்பது என்பதை அது கூறாது.

வட்டச் சிக்கலை அவிழ்த்தவர் நியூயோர்க்கிலுள்ள றொக்பெல்லர் பல்கலைக்கழகத்தின் ஜெப்ரி பிரீட்மன் ஆவர். ஓமோனைத் தேடாது, அதனை ஆக்கும் பரம்பரையலகைத் தேடினார் அவர். பருமச் சுண்டெலியின் குறை எந்த நிறமூர்த்தத்தில் எவ்விடத்தில் உள்ளது என்பதைச் சந்ததி சந்ததியாக ஆராய்ந்து, எல்லையைக் குறுக்கிக் குறுக்கிச் சென்று, அவரும் அவருடைய கூட்டாளிகளும் அப்பரம்பரையலகை அடைந்தனர். 1994ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் முதலாந் திகதி அம்முடிபு வெளியாயிற்று. கொழுப்பிழையத்தில் ஆக்கப்படும் 167 அமினோவமிலங்கள் கொண்ட புரதம் அது. சுரக்கப்படும்போது 21 அமினோவமிலங்கள் நீங்கி 146 எஞ்சுகின்றன. மெலிவு எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று ‘லெப்டின்’ எனும் பெயர் அதற்கு இடப்பட்டது. 1995ஆம் ஆண்டு யூலை மாதத்தில் மூன்று ஆய்வுக் குழுவினர், பருமச் சுண்டெலிக்கு லெப்டினை ஊசி வழியாகச் செலுத்த அஃது உணவைக் குறைத்து மெலிதலைக் காட்டினர். கோல்மன் இணைத்த சுண்டெலிகள் உரைத்தது மெய்யாயிற்று.

பரம்பரையலகு கைவந்தபின், லெப்டினைப் பற்றீரியாக்களைக்கொண்டு வேண்டிய அளவு ஆக்க முடிந்தது. தூய லெப்டின் கிடைக்கவே அதனைப் பற்றும் பிறபொருளெதிரிகளைப் பெறுதலும், அயடீனாற் குறியிடுதலும் எளிதாயின. 1995ஆம் ஆண்டின் இறுதியில் மனிதக் குருதியிலுள்ள லெப்டின் அளவைப்பற்றிய முடிபுகள் வெளிவந்தன. 1996ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் பிலடெல்பியாவைச் சேர்ந்த கொன்சிடைனும் கூட்டாளிகளும், இயல்பான நிறையுடைய 136 பேரையும் பருமனுடைய 139 பேரையும் ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை அவற்றுட் பெரிதும் எடுத்தாளப்படுவதாகும். குருதி உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரை நீர்ப்பாயம் என்பர். இயல்பான நிறையுடையாரின் நீர்ப்பாயத்தில் ஒரு மில்லிலீற்றருக்குச் சராசரி 7.5 நனோகிராமும், பருமனுடையாரில் 31.3 நனோகிராமும் லெப்டின் காணப்பட்டது. ஒரு நனோகிராம் என்பது ஒரு கிராமின் நூறுகோடியில் ஒரு பங்கு. நீர்ப்பாயத்தில் லீற்றருக்கு ஏறக்குறைய 40 கிராம் அல்புமின் என்னும் புரதம் உள்ளது. ஆகவே, ஐம்பது இலட்சம் பங்கு அல்புமினிடையே ஒரு பங்கு லெப்டினைத் தேடிப் பிடித்தல் போன்றது இவ்வளவை. இதன் நுண்மை இதனால் விளங்கும்.

எண் கிடைத்தது, எதிர்பார்ப்புப் பொய்த்தது. பருத்தவர்க்கு லெப்டின் குறைந்திருக்கும், அதனை ஊசியாற் கொடுத்தால் அவர் மெலிவர் என்பதே பலரின் நம்பிக்கையாக இருந்தது. அளவைகளோ உடற்கொழுப்பு மிகுந்தவிடத்து லெப்டினும் மிகுதலைக் காட்டின. கொழுப்பு வீதத்துக்கும் லெப்டினுக்கும் இடையேயுள்ள தொடர்பைக் குறிக்கும் குணகம் 0.85 ஆயிற்று. இத்தொடர்பு முற்றிலும் நிறைவாயின் ஒன்று வரும் என்பதை நோக்க, இது மிக நெருங்கிய தொடர்பே. அதாவது, பருத்த மனிதருட் பெரும்பாலோர் பருமச் சுண்டெலியை ஒத்தவரல்லர். செய்தி மிகுதியாக வந்தும் அதனைச் செவ்வனே கேளாத நீரிழிவுச் சுண்டெலியையே ஒருவாறு ஒத்தவர். 1999ஆம் ஆண்டில் வெளியான மருத்துவச் சோதனையில், பருமனுடையார்க்கு லெப்டின் கொடுத்தும் எதிர்பார்த்த பெரும் பயன் விளையாமைக்குக் காரணமும் இதுவே.

அவ்வளவைகள் மற்றோர் உண்மையையும் வெளிப்படுத்தின. பருமனுடையார் சிலர் தம் நிறையில் நூற்றுக்குப் பத்துப் பங்கை இழந்தபோது, அவர்தம் லெப்டின் நூற்றுக்கு 53 பங்கு குறைந்தது. கொழுப்புக் குறைந்த அளவினும் செய்தி குறைந்த அளவு மிகப் பெரிது. உண்ணா நோன்பிலும் பட்டினியிலும் லெப்டின் விரைந்து வீழ்கின்றது; வீழவே, பசி மிகுந்து, உடலின் செலவு சுருங்குகின்றது. 1996ஆம் ஆண்டில் சுண்டெலிகளிற் செய்யப்பட்ட ஆராய்ச்சியும் இக்கருத்தை வலியுறுத்திற்று. மிகுதியைத் தடுத்தலினும் வறுமையை அறிவித்தலே லெப்டினின் தலையாய கடமைபோலும். பஞ்சம் அடிக்கடி வந்துபோன உலகில் வாழ்ந்த உயிர்களுக்கு இஃது இன்றியமையாததே. முயன்று மெலிந்தவர் மீண்டும் பருத்தலைக் கண்டு அவரது உறுதியின்மையைப் பழிப்போர், அவருடைய குருதி மூளையிடம் பஞ்சம் பஞ்சம் என்று முறையிடுவதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆயினும், பருமச் சுண்டெலியைப் போன்ற மனிதர் ஒருவரும் இலரோ? இருந்தனர். இங்கிலாந்தில், பாக்கிஸ்தானிலிருந்து குடியேறிய குடும்பமொன்றைச் சேர்ந்த குழந்தைகள் இருவரை, கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீவன் ஓராகிலியும் கூட்டாளிகளும் ஆராய்ந்து 1997ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தனர். உறவினராகிய அவ்விருவருள் ஒருவர்க்கு எட்டு வயதில் 86 கிலோகிராம் நிறை. மற்றவர்க்கு இரண்டு வயதில் 29 கிலோகிராம். பிறந்தபோது இருவரும் இயல்பான நிறையுடையரே. அத்துணைப் பருமனுக்கு அவர்கள் குருதியில் லெப்டின் மிகுந்திருத்தல் வேண்டும். அளந்தபோதோ மிக மிகக் குறைந்த அளவே காணப்பட்டது. லெப்டின் பரம்பரையலகில் குவனீன் என்னும் ஒரே ஓர் எழுத்து விடுபட்டிருந்தமையே அதற்குக் காரணம். அவர்களுள் மூத்த சிறுமிக்கு நாடோறும் லெப்டின் ஊசி போடப்பட்டது. தொடக்கத்தில் 94.4 கிலோகிராமாக இருந்த அவள் நிறை பன்னிரண்டு மாதங்களில் 16.4 கிலோகிராம் குறைந்தது. இழந்ததிற் பெரும்பகுதி கொழுப்பே. சதாப் பாரூக்கி முதலியோர் 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட அம்முடிபு மருத்துவ உலகை வியப்பில் ஆழ்த்திற்று. அடக்கமில்லாப் பிள்ளை என்றோ, வளர்க்கத் தெரியாப் பெற்றோர் என்றோ உலகம் எளிதிற் சொல்லியிருக்கக்கூடிய இடத்தில், ஒரு துளிக் குருதி வேறொரு விடையைக் கூறிற்று. அளவை அறத்துக்குத் துணைநின்ற சந்தர்ப்பம் இதுவாகும்.

இத்தோடு வரலாறு முடிந்திருப்பின், எண்ணின் வெற்றியைப் பாடி அமையலாம். ஆனால், 2015ஆம் ஆண்டில் ஜெர்மனியின் உல்ம் நகரிலிருந்து மார்ட்டின் வாபிச்சும் கூட்டாளிகளும் அறிவித்த நிகழ்ச்சி நம்மை மீண்டும் சிந்திக்கச் செய்கின்றது. தணியாப் பசியும் மிகுந்த பருமனும் கொண்ட ஆண் குழந்தை ஒன்றின் குருதியை அளந்தபோது, லெப்டின் அதன் கொழுப்புக்கேற்ப உயர்ந்தே இருந்தது. எண்ணை மட்டும் நம்பினால், இக்குழந்தைக்கு லெப்டின் குறையில்லை என்று முடிவுசெய்து அனுப்பிவிடலாம். அவ்வறிஞர் பரம்பரையலகையும் ஆராய்ந்தனர். லெப்டினின் நூறாவது இடத்தில் இருக்க வேண்டிய அஸ்பாட்டிக்கமிலத்துக்குப் பதிலாக ரைரோசின் இருந்தது. அப்புரதம் ஆக்கப்பட்டது, குருதியிற் சுரந்தது, பிறபொருளெதிரியும் அதனைத் தவறாது பற்றிற்று. ஆயின், மூளையிலுள்ள வாங்கியை அதனால் தூண்ட முடியவில்லை. செயலாற்றும் லெப்டினை மருந்தாகக் கொடுத்தபின் குழந்தையின் பசி தணிந்து நிறையும் குறைந்தது.

முற்கூறிய பந்தி உவமையை இங்கு நினைவுகூர்க. இலையில் இடமளிப்பவன் வந்தவரின் உருவத்தைக் கண்டே இடமளித்தான். எத்தனைபேர் அமர்ந்தனர் என்பதை அவன் கணக்குச் சரியாகவே கூறும். அவர் வந்த காரியத்தை முடிக்கவல்லவரோ என்பதை அக்கணக்குக் கூறாது. வடிவும் செயலும் பெரும்பாலும் ஒன்றுபட்டே செல்வதால் வடிவின் அளவைச் செயலின் அளவாகக் கொள்ளப் பழகிவிட்டோம். அவை பிரியும் அரிய இடத்தில் எண் நம்மை ஏமாற்றுகின்றது. வியப்பு யாதெனின், இவ்வெச்சரிக்கையை அம்முறையை வகுத்தவர்களே விடுத்திருந்தனர் என்பதுதான். பராதைரொயிட்டுச் சுரப்பியின் ஓமோன் குருதியில் ஒரே வடிவில் இல்லை என்பதையும், வெவ்வேறு பிறபொருளெதிரிகள் அதனை வெவ்வேறு அளவாகக் காட்டும் என்பதையும் பேர்சனும் யலோவும் 1968ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டியிருந்தனர்.

பசியைத் தூண்டும் ஓமோனாகிய கிரெலினும் இதே பாடத்தையே புகட்டுகின்றது. இரைப்பையிற் சுரக்கும் இதனை யப்பானிய அறிஞராகிய கொஜிமா, கங்காவா முதலியோர் 1999ஆம் ஆண்டிற் கண்டுபிடித்தனர். 28 அமினோவமிலங்கள் கொண்ட அதன் மூன்றாவது அமினோவமிலத்தோடு ஒரு கொழுப்பமிலம் இணைந்துள்ளது. அவ்விணைப்பு இருந்தாலன்றி அது தனக்குரிய வாங்கியைத் தூண்டாது. ஒவ்வொரு வேளை உணவுக்கும் சற்று முன்னர்க் குருதியில் கிரெலின் உயர்ந்து, உண்டபின் தாழ்தலை 2001ஆம் ஆண்டில் கமிங்ஸ் முதலியோர் காட்டினர். பசி எழுந்து அடங்கும் அலையை எண்களாற் கண்டது அப்பொழுதேயாம். ஆயினும், குருதியிலுள்ள கிரெலினிற் பெரும்பகுதி கொழுப்பமிலம் நீங்கிய வடிவமே. குருதியைக் குழாயில் எடுத்த பின்னரும் அவ்விணைப்பு அறுந்துகொண்டே இருக்கும். உடனே குளிரவைத்து, அமிலமிட்டுக் காத்தாலன்றி, அளவை உடலின் நிலையைக் காட்டாது குழாயின் நிலையையே காட்டும்.

இவ்வரலாற்றை மீள நோக்குவோமாயின், மூன்று படிகளைக் காண்கின்றோம். முயலையும் சுண்டெலியையும் கொண்டு செயலை அளந்தது முதற்படி. அது பருமையானது, ஆயினும் பொய்யாதது. பிறபொருளெதிரியைக் கொண்டு வடிவை அளந்தது இரண்டாம் படி. அது நுண்ணியது, ஆயினும் வடிவுக்கப்பாற் செல்லாதது. வடிவோடு செயலையும் சேர்த்து நோக்குவது மூன்றாம் படி. வாங்கியோடு இணையவல்ல லெப்டினை மட்டும் அளக்கும் சோதனைகள் 2015ஆம் ஆண்டின் அறிவிப்பைத் தொடர்ந்து தோன்றியமை இப்படியைச் சார்ந்ததே. முன்னேற்றம் என்பது பழையதை முற்றாகக் கைவிடுதல் எனக் கருதுவார்க்கு இது சிந்தனைக்குரியது. கோல்மனின் சுண்டெலிகள் கேட்ட வினாவையே, அரைநூற்றாண்டின் பின் நுண்கருவிகளும் கேட்கத் தொடங்கியுள்ளன.

லெப்டினை அளத்தலால் விளைந்த நன்மை சிறிதன்று. கொழுப்பிழையம் அற்றுப்போகும் கொடிய நோயினராய், லெப்டின் இன்றித் தணியாப் பசியால் வருந்துவோர்க்கு, லெப்டின் மருந்தாகப் பயன்பட 2014ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அங்கீகாரம் கிடைத்தது. பிறவியிலேயே லெப்டின் அற்ற குழந்தைகள் உலகின் பல பாகங்களில் இனங்காணப்பட்டு நலம்பெற்று வருகின்றனர். அவர் தொகை சிறிதாயினும், அவர்களால் மனித குலம் பெற்ற அறிவு பெரிது. உண்ணும் விருப்பு முற்றிலும் மனத்தின் ஆணைக்கு உட்பட்டதன்று. அதன் வேர் குருதியிலும் உள்ளது என்பதே அவ்வறிவு.

விஞ்ஞானம் பயிலும் மாணவர் ஆய்வுகூடத்தில் ஓர் எண்ணைக் குறித்துக்கொள்ளும்போது, அவ்வெண் எவ்வினாவுக்கு விடை என்று கேட்டறிதல் வேண்டும். ஒருவரின் உடலையோ உணவையோ கண்டு அவர் குணத்தை மதிப்பிட முற்படும்போதும், அம்மதிப்பீடு எதனை அளந்தது என்று கேட்டல் வேண்டும். முதலாவது வினாவைக் கேட்டமையால் உல்ம் நகரத்துக் குழந்தை நலம்பெற்றது. இரண்டாவது வினாவைக் கேட்பதற்கு ஆய்வுகூடமும் வேண்டியதில்லை.